ரேப்சீட்: எண்ணெயும் எடையும் ஒரே செடியில்

கடுகின் நெருங்கிய உறவான ரேப்சீட்டில் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ விதை வந்தது என்பது பாதிக் கணக்குதான். 3,300 கிலோ விதையில் 40 சதவீதம் எண்ணெய் இருந்தால் கிடைப்பது 1,320 கிலோ. விதை 3,000 கிலோவே வந்தாலும் எண்ணெய் 45 சதவீதம் என்றால் 1,350 கிலோ. இரண்டையும் பெருக்கிப் பார்த்த பிறகே ஒரு ரகத்தை நல்லது என்று சொல்ல முடியும்.

விளைச்சலைக் கூட்டுவதுதான் கடினம். பரப்பில் நிற்கும் செடிகள், செடிக்குக் காய்கள், காய்க்கு விதைகள், ஆயிரம் விதைகளின் எடை ஆகிய நான்கும் ஒன்றையொன்று இழுக்கும். காய் கூடினால் பெரும்பாலும் விதை சிறுத்துவிடும். வயல் ஓரத்தில் கொழுத்து நிற்கும் ஒற்றைச் செடியைப் பார்த்து மயங்கக் கூடாது. அதற்கு வெளிச்சமும் உரமும் கூடுதலாகக் கிடைத்திருக்கும். பல இடங்களில், பல பருவங்களில் பாத்தி போட்டு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

எண்ணெய் அளவு அவ்வளவு அலைக்கழிக்காது. அதில் மரபின் பங்கு அதிகம் என்பதால் தொடக்கத் தலைமுறைகளிலேயே தேர்வு செய்யலாம். அகச்சிவப்புக் கருவியில் விதையை உடைக்காமலே அளந்து, அதே விதையை விதைத்தும் விடலாம். தழைச்சத்து மிகுந்தால் புரதம் ஏறி எண்ணெய் இறங்கும். விதை முற்றும்போது வெப்பம் கூடினாலும் இறங்கும். ஆகவே ஒரே வயலில், ஒரே பருவத்தில் விளைந்தவற்றை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

இந்தக் குணங்களை ஒரே செடியில் சேர்க்க இரு ரகங்களைக் கலக்க வேண்டும். அந்தக் கலப்புக்கு, தாய்ச்செடியில் மறுநாள் மலரவிருக்கும் மொட்டுகளே சரியானவை. மலர்ந்த பூக்களையும் மிகச் சிறிய மொட்டுகளையும் கிள்ளிவிட்டு, மிச்சத்தை இடுக்கியால் மெல்லத் திறந்து ஆறு மகரந்தத்தாள்களையும் எடுக்க வேண்டும். ஒரு மகரந்தப்பை உடைந்தாலும் தன் மகரந்தம் சூல்முடியில் விழுந்துவிடும். பிறகு தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தடவி, உறை மாட்ட வேண்டும்.

பழைய ரகங்களின் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, உணவுக்கு உகந்ததல்ல என்று கருதப்படும் எருசிக் என்ற கொழுப்பு அமிலம். அதை விலக்க உதவியது அரைவிதை முறை. ஊறிய விதையின் வெளிப்புற விதையிலையை மட்டும் நறுக்கி வாயு நிறப்பிரிகையில் (கொழுப்பு அமிலங்களைப் பிரித்து அளக்கும் முறை) சோதிப்பார்கள். முளைவேரோடு இருக்கும் மறுபாதி நல்லதென்று தெரிந்தால் நடவுக்குப் போகும். எண்ணெயின் வகையைக் கருவின் மரபணுவே தீர்மானிப்பதால் இது பலிக்கிறது. புண்ணாக்கைக் கெடுக்கும் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மத்துக்குப் பலிக்காது. அது தாய்ச்செடியில் உருவாகி விதைக்கு வருவது. அந்த விதையை வளர்த்து, அது காய்த்த பிறகுதான் சோதிக்க முடியும். ஒரு தலைமுறை தாமதம். இரண்டையும் குறைத்த முதல் ரேப்சீட் ரகமான 'டவர்' கனடாவில் 1974-இல் வெளிவந்தது.

விதை எடையைக் குறைக்காமல் எண்ணெயைக் கூட்ட இன்னொரு வழி மஞ்சள் விதை. தோல் மெலிவதால், எண்ணெய் சேரும் கருவுக்கு விதையில் பங்கு கூடும், நார் குறையும். சிக்கல் நிறத்தில்தான்: குளிரில் முற்றினால் மஞ்சளில் பழுப்பு படரும். ஒரு பருவத்து நிறத்தை நம்பி எடுத்த செடி, அடுத்த பருவத்தில் கலவை விதையாகக் காய்த்து நிற்கும்.