பிறவி வளைபாதம்: கிளப் ஃபுட், டாலிபஸ், சி.டி.ஈ.வி. – சொல் விளக்கம்

கருவுற்று இருபது வாரம் ஆகும்போது எடுக்கும் ஸ்கேன் அறிக்கையில் சில வேளை 'டாலிபஸ்' என்று எழுதியிருக்கும். குழந்தை பிறந்ததும் மருத்துவச் சீட்டில் அது 'சி.டி.ஈ.வி.' ஆகும். மருத்துவர் பேச்சில் 'கிளப் ஃபுட்'. வீட்டுப் பெரியவர்கள் 'கோணக்கால்' என்பார்கள். நான்கும் ஒரே நிலையைச் சொல்லத்தான் வழங்குகின்றன. ஆனால் நான்கும் ஒரே அளவுக்குப் பொருந்துவதில்லை.

'டாலிபஸ்' இரண்டு லத்தீன் சொற்களின் கூட்டு. 'டேலஸ்' கணுக்கால், 'பெஸ்' பாதம். சிகிச்சை பெறாமல் வளர்ந்தவருக்கு உள்ளங்கால் தரையில் பதியாது. பாதத்தின் வெளியோரத்தையும் சில வேளை மேற்புறத்தையுமே ஊன்றி நடப்பார். கணுக்காலையே பாதமாக்கி நடப்பது போன்ற அந்தத் தோற்றம் சொல்லில் அப்படியே தங்கிவிட்டது. ஆனால் டாலிபஸ் என்பது பாதக் கோணல்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். எந்தக் கோணல் என்று சொல்ல அடைமொழி வேண்டும். 'ஈக்வைனஸ்' என்றால் குதிரைக்குரியது: குதிரை விரல் நுனியில் நிற்கும் விலங்கு, அதன் குதிகால் மண்ணில் படாது. 'வேரஸ்' என்றால் உட்புறம் திரும்பியது. இரண்டும் சேர்ந்த 'ஈக்வைனோவேரஸ்' தான் நாம் பேசும் நிலை. முன்னால் 'பிறவி' என்பதற்குரிய 'கஞ்ஜெனிட்டல்' என்ற சொல்லும் சேர, முதலெழுத்துகள் சி.டி.ஈ.வி. ஆயின.

அடைமொழி விடுபட்டால் பெற்றோர் வீணாகக் கலங்க நேரும். 'டாலிபஸ் கல்கேனியோவால்கஸ்' என்ற இன்னொரு நிலையில் பாதம் மேல்நோக்கி மடிந்து கணைக்காலின் முன்புறத்தைத் தொடுமளவுக்கு இருக்கும். பார்க்க அச்சமூட்டினாலும் பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடும். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் வெறும் 'டாலிபஸ்' என்று இருந்தால், எந்த வகை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

'கிளப்' இங்கே நுனி பருத்த தடி. அதை அப்படியே 'தடிப்பாதம்' என்று தமிழாக்கினால் வீங்கிய பாதம் என்றோ யானைக்கால் என்றோ பொருள்படும், அது உதவாது. 'கோணக்கால்' பழகிய சொல்தான், ஆனால் தமிழில் கால் என்பது இடுப்புக்குக் கீழ் முழுவதையும் தழுவும். வைட்டமின் டி குறைவால் முழங்கால் வில்லாக வளைவதையும் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கே முழங்காலும் தொடையும் நேராகவே இருக்கின்றன; கோணல் கணுக்காலுக்குக் கீழேதான். 'முடம்', 'ஊனம்' போன்ற சொற்களை ஒதுக்கிவிட வேண்டும். அவை கவனிக்காமல் விட்டால் வரக்கூடிய முடிவின் பெயர்கள். பிறந்து ஒரு வாரமான, நன்றாகத் திருத்தக்கூடிய பாதத்தின் மேல் அந்த முடிவை ஏற்றுவது குழந்தைக்குச் செய்யும் அநீதி.

பொருந்தும் சொல் 'வளைபாதம்'. இடம் பாதம், நிகழ்ந்தது வளைவு. இரண்டும் சொல்லிலேயே இருக்கின்றன. பக்கவாதத்தாலும் இளம்பிள்ளை வாதத்தாலும் பிற்காலத்தில் பாதம் இதே வடிவில் திரும்புவதுண்டு என்பதால், எழுதும்போது 'பிறவி வளைபாதம்' என்று முழுமையாக எழுதுவது நல்லது. இலக்கணப்படி வளைபாதம் வினைத்தொகை: வளைந்த பாதம், வளைகின்ற பாதம், வளையும் பாதம் என மூன்று காலத்துக்கும் விரியும். இந்த நோய்நிலைக்கு அது மிகச் சரி. பிறப்பிலேயே வளைந்திருந்த பாதம், திருத்திய பிறகும் நான்கைந்து வயது வரை மறுபடி வளையப் பார்க்கும். பெற்றோர் மனத்தில் நிற்க வேண்டியது அந்த எதிர்காலப் பொருள்தான்.

ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒன்று இப்படி அமைகிறது. ஆண் குழந்தைகளில் இருமடங்கு. சுமார் பாதிப் பேருக்கு இரண்டு பாதங்களிலும் இருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு வேறு எந்தக் குறையும் இராது. மரபணுக்களின் பங்கு உண்டு. கருவுற்ற காலத்தில் புகைப்பது வாய்ப்பைக் கூட்டும். ஒரே காரணம் இதுதான் என்று சுட்ட முடிவதில்லை என்பதால், தாய் உட்கார்ந்த விதம், படுத்த விதம் என்று யாரும் பழி தேட வேண்டாம். சிறு பங்குக் குழந்தைகளுக்கு மட்டும் முதுகுத்தண்டுப் பிளவோ பல மூட்டுகளும் விறைத்துப் பிறக்கும் நிலையோ கூடவே இருக்கும். அதனால் பாதத்தைப் பார்க்கிற மருத்துவர் குழந்தையைக் கவிழ்த்து முதுகில் குழியோ மயிர்க்கற்றையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டையும் சோதிக்க வேண்டும்.

வளைபாதம் ஒற்றைக் கோணல் அன்று. நான்கு கோணல்கள் பின்னிக் கிடப்பது. உள்வளைவு குழிந்து உயர்ந்திருக்கும்; இது 'கேவஸ்', தமிழில் பாதக்குழிவு. முன்பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்கும். இது 'அடக்டஸ்', முன்பாத உட்திருப்பம். குதிகால் உட்சாய்ந்திருக்கும், இது 'வேரஸ்', குதிகால் உட்சாய்வு. குதிகால் மேலே இழுபட்டு விரல்கள் கீழ்நோக்கும். இது 'ஈக்வைனஸ்', குதிகால் உயர்வு. இந்த வரிசையை மறக்கக் கூடாது, ஏனென்றால் சிகிச்சையும் இதே வரிசையில்தான் நடக்கிறது.

கருப்பையில் நெருக்கி மடிந்ததால் மட்டும் உட்திரும்பிய பாதமும் உண்டு. அது இளகலாக இருக்கும், கையால் மெல்லத் திருப்பினால் நேர்நிலைக்கு வந்துவிடும். உண்மையான வளைபாதம் அப்படி நேர்நிலைக்கு வராது, விறைப்பாகவே நிற்கும். இந்த விறைப்பை அளக்க 'பிரானி மதிப்பெண்' பயன்படுகிறது. வெளியோர வளைவு, உட்புற மடிப்பு, கணுக்கால் எலும்பின் தலை எவ்வளவு துருத்துகிறது, பின்குதிகால் மடிப்பு, குதிகால் எலும்பு தொட்டால் தட்டுப்படுகிறதா, பாதம் மேல்நோக்கி மடங்காத விறைப்பு என ஆறு குறிகள். ஒவ்வொன்றுக்கும் 0, 0.5 அல்லது 1. கூட்டினால் அதிகபட்சம் 6. வாராவாரம் இதைக் குறித்து வந்தால் பாதம் தேறுகிறதா என்பது காகிதத்திலேயே தெரியும். பிறந்த குழந்தையின் பாதத்தில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் அது விழாது. ஆகவே எக்ஸ்ரே எடுக்கவில்லையே என்று கவலை வேண்டாம்.

இன்று உலகெங்கும் நடைமுறையில் உள்ளது பொன்செட்டி முறை. ஸ்பெயினின் மெனோர்கா தீவில் 1914 ஜூன் 3 அன்று பிறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கியது. பெரிய அறுவை செய்து திருத்திய பாதங்கள் பின்னாளில் விறைத்து வலிப்பதைக் கண்ட அவர், கையாலும் மாவுக்கட்டாலும் திருத்தும் வழியை வகுத்து, 1963-இல் முடிவுகளை வெளியிட்டார். பரவலாக ஏற்கப்படப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 2009-இல் மறைந்தார். அவர் பிறந்தநாளே உலக வளைபாத நாள்.

பிறந்த முதல் சில வாரங்களில் தொடங்குவது நல்லது. மூட்டு நார்கள் அப்போது இளகும் தன்மையோடு இருக்கும். வெளிக்கணுவுக்குச் சற்று முன்னே விரலால் தடவினால் தோலுக்கடியில் உருண்டையாக ஒரு புடைப்பு தட்டுப்படும். அது கணுக்கால் எலும்பின் தலை. மருத்துவர் அங்கே கட்டைவிரலை ஊன்றி, மற்றக் கையால் முன்பாதத்தைச் சிறிது நேரம் மெல்ல வெளிநோக்கி நகர்த்தி, கிடைத்த அளவை மாவுக்கட்டால் நிறுத்தி வைப்பார். ஏறத்தாழ ஏழு நாளுக்கு ஒரு முறை கட்டைப் பிரித்து, மறுபடி நகர்த்தி, புதுக்கட்டு. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கட்டுகளில் முன்பாதம் திருந்திவிடும்.

முதல் கட்டு பெற்றோரைத் திடுக்கிட வைக்கும்: பாதம் முன்னைவிட அதிகம் புரண்டது போலத் தெரியும். அது தவறில்லை. பாதக்குழிவைத் தீர்க்கப் பெருவிரல் பக்கத்து எலும்பைத் தூக்கி, முன்பாதத்தைப் பின்பாதத்தோடு ஒரே தளத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மாறாக, பாதம் உள்ளே புரண்டிருக்கிறதே என்று வெளிப்புறமாகப் புரட்டி அழுத்தினால் குழிவு கூடிப் பாதம் நடுவில் மடங்கும்.

இன்னொரு தவறு, கைட் என்ற மருத்துவரின் பெயரால் 'கைட்டின் பிழை' என்று பெயர் பெற்றது. கட்டைவிரலைக் கணுக்கால் எலும்பின் தலையில் வைக்காமல், அதற்கும் முன்னே பாதத்தின் வெளியோர மூட்டில் ஊன்றிவிடுவது அது. அப்போது குதிகால் எலும்பு கணுக்கால் எலும்புக்கடியில் சுழல முடியாமல் முட்டி நிற்கும். சுழன்றால்தான் குதிகாலின் உட்சாய்வு தீரும். முன்பாதம் வெளியே போகப் போக அது தானே சுழலும்; குதிகாலைக் கையால் தொடவே தேவையில்லை.

கட்டு விரல்நுனியிலிருந்து தொடையின் மேல்வரை, முழங்காலை 90 பாகை மடக்கிப் போட வேண்டும். முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும் கட்டு நழுவும், பாதத்தின் திருப்பத்தையும் தாங்காது. வீட்டில் பார்க்க வேண்டியது விரல்களை. அழுத்திவிட்டால் வெளுத்து, உடனே மறுபடி சிவக்க வேண்டும். விரல்கள் நீலமானாலோ, குளிர்ந்து வீங்கினாலோ, கட்டுக்குள் மறைந்துபோனாலோ அன்றே கட்டைக் கழற்ற வேண்டும். விரல் மறைவது கட்டு நழுவியதன் அறிகுறி. நழுவிய கட்டுக்குள் குதிகால் புண்ணாகும், வளைவும் கூடும். புதுக்கட்டுப் போடுமுன் பழையதை முந்தைய இரவே ஊறவைத்துக் கழற்றிவிடாதீர்கள். அந்த இடைவெளியில் கிடைத்த திருத்தம் குறையும்.

பாதம் 60 முதல் 70 பாகை வெளிநோக்கித் திரும்பிய பின்னும் குதிகால் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்குக் குதிகால் நாணை (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாரை) வெட்ட வேண்டிவரும். இடத்தை மரக்கச் செய்து, குதிகாலுக்குச் சற்று மேலே மிகச் சிறு கீறலில் முடியும், தையலும் வேண்டாம். 'நாணை வெட்டுகிறார்கள்' என்று கேட்டுப் பயந்து இந்தக் கட்டத்தில் நின்றுவிடும் குடும்பங்கள் உண்டு. மூன்று வாரக் கட்டுக்குள் நாண் தேவையான நீளத்தில் மறுபடி வளர்ந்து சேர்ந்துவிடும். நாணை வெட்டாமல் முன்பாதத்தை வலிந்து மேலே தள்ளினால் பாதம் நடுவில் உடைந்து, உள்ளங்கால் வெளிநோக்கிப் புடைத்துவிடும்.

கடைசிக் கட்டு கழன்றதும் பிரேஸ்: இரண்டு காலணிகளை ஒரு பட்டையில் பூட்டிய சாதனம். தோளகலத்துக்குப் பட்டை இருக்க வேண்டும். வளைந்திருந்த பாதம் 60–70 பாகை, நல்ல பாதம் 30–40 பாகை வெளிநோக்கி. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். குளிப்பாட்ட மட்டும் கழற்றலாம். பிறகு இரவிலும் பகல் தூக்கத்திலும், நான்கைந்து வயது வரை. பாதம் பார்க்க நேராகிவிட்டது என்று இதைக் கைவிடுவதுதான் மறுவளைவுக்கு முதன்மைக் காரணம். முதலிரண்டு நாள் குழந்தை அழும். இரு முழங்காலையும் ஒன்றாக மடக்கி நீட்டப் பழக்கிவிட்டால் அடங்கும். காலணியில் குதிகால் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். காலணியின் நடுவாரை முதலில் இறுக்குங்கள். கொப்புளம் வந்தால் தளர்வுதான் பெரும்பாலும் காரணம், இறுக்கம் அன்று. சிவந்த இடத்தில் களிம்பு தடவினால் தோல் மென்மையாகி இன்னும் உரியும்.

மறுவளைவு வந்தால் முதலில் குதிகால் தரையை விட்டு எழும். பிறகு வெளியோரம் ஊன்றி நடை வரும். இரண்டு மூன்று மாவுக்கட்டுகளில் பெரும்பாலும் மீட்கலாம். மீண்டும் மீண்டும் வந்தால், இரண்டரை வயதுக்கு மேல் கணைக்காலின் முன்தசை நாணைப் பாதத்தின் நடுப்பக்கம் மாற்றிப் பொருத்தும் அறுவை உண்டு.

ஒரு பக்கம் மட்டும் வளைபாதமாக இருந்தவருக்கு, நன்றாகத் திருந்திய பிறகும் அந்தப் பாதம் சற்றுச் சிறிதாகவும் கெண்டைக்கால் சற்று மெலிந்தும் இருக்கும். அது மறுவளைவு அன்று. அதற்காகப் பிரேஸைக் கூட்டவோ மறுபடி கட்டுப் போடவோ தேவையில்லை. இரு பாதத்துக்கும் இரண்டு அளவில் காலணி தேவைப்படலாம்.