கை ரேகை ரிப்போர்ட்டை மூடிவையுங்கள், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம் தொடங்கிவிடும். வழவழப்பான தாளில் கலர் கலராக அச்சடித்த ரிப்போர்ட்டோடு பெற்றோர் என்னைப் போன்ற படிப்பு வழிகாட்டிகளிடம் வருவார்கள். பத்து விரலையும் ஸ்கேன் செய்து, இடது மூளை இத்தனை சதவீதம், வலது மூளை இத்தனை சதவீதம், இந்தப் படிப்பு ஒத்துவரும், இது வராது என்று பட்டியல் போட்டிருக்கும். கடைசியாக வந்தது, கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் வீட்டு பிளான் போட்டு வைத்திருக்கும் ஒரு பையனுடையது. “ஆர்க்கிடெக்சர் இவனுக்கு செட் ஆகாதுன்னு ரிப்போர்ட்லயே போட்டிருக்கு சார்” என்கிறார் அம்மா. பையன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

டிஎம்ஐடி என்ற பெயரில் விற்கப்படும் இந்த ரேகைச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. இந்திய மனநல மருத்துவர் சங்கமே 2019-ல் அறிக்கை விட்டுச் சொல்லிவிட்டது. டவுன் சிண்ட்ரோம் மாதிரியான சில நிலைகளில் உள்ளங்கை ரேகை மாறியிருக்கும் என்பது உண்மைதான். விற்பவர்கள் அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு முழுச் சேலையே நெய்துவிட்டார்கள். அதோடு அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-ல் சொன்ன பல்வகை அறிவுக் கோட்பாட்டையும் ஒட்டவைத்தார்கள். அந்தக் கோட்பாட்டுக்கும் விரல் ரேகைக்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை. ரேகையின் வடிவம் தாயின் வயிற்றில் ஆறு மாதம் முடிவதற்குள் அமைந்துவிடும். பிறகு குழந்தை என்ன படித்தது, எதைப் பார்த்து மலைத்தது, எந்த வாத்தியாரிடம் மாட்டியது என்று அதற்கு எப்படித் தெரியும்?

“ஆனா எல்லாம் கரெக்டா இருக்கே!” இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கத்தான் செய்யும். 1948-ல் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் வகுப்பில் ஒரு ஆளுமைச் சோதனை வைத்து, 39 மாணவர்களுக்கும் தனித்தனி முடிவு என்று சொல்லி ஒரே தாளைக் கொடுத்தார். வாசகங்களைப் பெரும்பாலும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். ‘எனக்கு எவ்வளவு பொருந்துகிறது’ என்று மாணவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. ‘உங்கள் பிள்ளை புத்திசாலி, சில நேரம் கவனம் சிதறும், பாராட்டினால் நன்றாகச் செய்வான்’ என்று எழுதினால் எந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் பொருந்தாது? சந்தேகம் இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ரிப்போர்ட்டை வாங்கி, பெயரை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.

எனக்கு எரிச்சல் ரேகைக்காரர்கள் மேல் மட்டும் இல்லை. ‘எனக்கு என்ன வேண்டும் என்பது உள்ளே ஏற்கெனவே முழுசாக இருக்கிறது, யாராவது ஸ்கேன் எடுத்துச் சொன்னால் போதும்’ என்ற நம்பிக்கைதான் அவர்களுக்கு முதலீடு. படித்தவர்கள் இதையே வேறு பெயரில் சொல்கிறார்கள்: “என் பேஷன் என்னன்னு கண்டுபிடிச்சிட்டு அப்புறம் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.” ஆரம்பிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நீரா பானம் குடிக்காதவருக்கு அது பிடிக்குமா என்று எந்த நிபுணர் சொல்ல முடியும்? விருப்பம் பெரும்பாலும் கை பழகிய பிறகு வருவது. முதல் இருபது மணி நேரம் எந்த வேலையும் கசக்கும், ஏனென்றால் நமக்கு அது வராது. அந்தக் கசப்பை ‘இது எனக்கானது இல்லை’ என்று எடுத்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள் ஏராளம்.

முறையான ஆர்வச் சோதனைகளுக்கும் இதே வரம்பு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வேலை ஆர்வங்களுக்கு 1959-ல் வகுத்த ஆறு வகைப் பிரிவை வைத்துத்தான் இன்றும் பல சோதனைகள் நடக்கின்றன. அமெரிக்கத் தொழிலாளர் துறை இலவசமாகத் தருகிற சோதனையில் 60 கேள்விகள், அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். பேச்சைத் தொடங்க நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ‘மரச்சாமான் செய்யப் பிடிக்குமா’ என்ற கேள்விக்கு, உளியைத் தொட்டே பார்க்காத பிள்ளை ‘பிடிக்காது’ என்றுதான் போடும். அங்கே அளக்கப்பட்டது ஆர்வம் இல்லை, அனுபவக் குறைவு. முதல் இரண்டு வகைக்கும் மதிப்பெண் நெருக்கமாக இருந்தால் எது முதல், எது இரண்டாவது என்று சண்டை போடாதீர்கள்.

சரி, என்ன செய்வது? நோட்டு வாங்குங்கள். போன் ஆப் வேண்டாம், எழுதத் திறந்த கை ரீல்ஸுக்குப் போய்விடும்.

பக்கத்துக்கு நான்கு கட்டம் போடுங்கள். நேரம், என்ன செய்தேன், யாராவது சொல்லிச் செய்தேனா தானாகவா, முடிந்தபோது தெம்பா சோர்வா. கடைசிக் கட்டத்தில் கூட்டல் அல்லது கழித்தல் குறி போதும், கவிதை வேண்டாம். நாளுக்கு ஐந்தாறு பதிவு, 14 நாள். எழுபது எண்பது வரி சேரும். பெரும்பாலோர் சறுக்குவது ஒரே இடத்தில்: இரவு பத்தரைக்கு உட்கார்ந்து முழு நாளையும் நினைவிலிருந்து நிரப்புவார்கள். அப்போது மாலையில் வாங்கிய திட்டு காலை நடந்த நல்லதையும் சேர்த்து அழித்துவிடும். வேலை முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுத வேண்டும், எழுதாவிட்டால் அந்த வரியை விட்டுவிடுங்கள், கற்பனை செய்யாதீர்கள்.

இன்னொரு சறுக்கல், ‘தெம்பு’ என்பதை ‘ஜாலி’ என்று எடுத்துக்கொள்வது. இரண்டு மணி நேரம் சீரியல் பார்த்தாலும் ஜாலிதான், எழுந்திருக்கும்போது உடம்பு கனக்கும். அக்கா கல்யாணத்துக்குப் பந்திக் கணக்குப் பார்த்து, இலை எண்ணி, சமையல் மாஸ்டரிடம் மல்லுக்கட்டி, கால் வீங்கி வந்தாலும் “செமயா போச்சு” என்று தோன்றினால் அதுதான் கூட்டல். உடல் களைப்பை இதில் சேர்க்காதீர்கள்.

பதினைந்தாம் நாள் கூட்டல் வரிகளை மட்டும் தனித் தாளில் எடுத்து, வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள்: எண்ணினேன், பேரம் பேசினேன், வரைந்தேன், விளக்கினேன், பிரித்துப் பார்த்தேன். பதவிப் பெயர்கள் எல்லாம் பெயர்ச்சொல், ஏமாற்றும். நாள் முழுக்க நாம் செய்யப்போவது வினைச்சொல். “கலெக்டர் ஆகணும்” என்கிற பிள்ளையைத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு அழைத்துப் போங்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு என்று மனு மேல் மனுவாக வரும். அதைப் பார்த்துவிட்டும் கண்ணில் ஒளி இருந்தால் நல்லது. அரசு கார்தான் இழுத்தது என்றால் அதுவும் அன்றே தெரிந்துவிடும். கலெக்டராவதற்கு எழுதும் யுபிஎஸ்சி தேர்வில் பொதுப் பிரிவுக்கு 6 முயற்சி, ஓபிசிக்கு 9. எத்தனையாவது முயற்சியோடு நிறுத்துவது என்று முதல் நாளே தேதி போட்டு வையுங்கள். நடுவழியில் யாருக்கும் அந்தத் தைரியம் வருவதில்லை.

அடுத்து, மூன்று பேரிடம் பேசுங்கள். அந்தத் தொழிலுக்கு வந்து இரண்டு வருடம் ஆனவர், பதினைந்து வருடம் ஆனவர், விட்டுவிட்டுப் போனவர். மூன்றாவது ஆளைத் தேடிப்பிடிப்பதுதான் கஷ்டம், அதிகம் கிடைப்பதும் அவரிடம்தான். “இந்த ஃபீல்டு நல்லா இருக்குமா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஒரு பதில் வரும். “போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்ன செஞ்சிட்டிருந்தீங்க?”, “மூணாவது வருஷம் கைக்கு எவ்வளவு வந்துச்சு?”, “எந்த வேலைய அடுத்தவர் தலைல கட்டப் பார்ப்பீங்க?” என்று கேளுங்கள்.

பிறகு சிறு சோதனை. வரம்பு: 20 மணி நேரம், 2,000 ரூபாய். கேக் செய்யப் பிடிக்கும் என்றால் வகுப்பில் சேர்வதற்கு முன் தெரிந்தவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு பத்து ஆர்டர் செய்து, நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். இலவசமாகக் கொடுத்தால் எல்லோரும் “சூப்பர்” என்பார்கள், ஒன்றும் தெரியாது. படிப்பு சம்பந்தப்பட்டது என்றால் ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் நான்கு வாரப் பாடம் ஒன்றை இலவசமாகவே எடுத்துப் பார்க்கலாம். இரண்டாம் வாரத்து அசைன்மென்ட்டை யாரும் சொல்லாமல் முடித்தீர்களா என்பதைக் கவனியுங்கள்.

நாற்பதை நெருங்கி ‘இது இல்லை என் வாழ்க்கை’ என்று வருகிறவர்களுக்கும் இதே நோட்டுதான். ஒரே வேறுபாடு, ராஜினாமாக் கடிதம் கடைசியில் வர வேண்டும். வீட்டுச் செலவும் இஎம்ஐயும் சேர்த்து மாதம் 40,000 என்றால், ஒன்பது மாதத்துக்கு 3,60,000 தனிக் கணக்கில் சேரும்வரை சனி ஞாயிறில் சோதனை நடக்கட்டும். பாதிப் பேருக்குப் பிடிக்காமல் போனது தொழிலே இல்லை, மேனேஜர். நோட்டில் கழித்தல் வரிகளில் ஒரே ஆளின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் தொழிலை மாற்றாதீர்கள், டீமை மாற்றுங்கள்.

இதைக் கவனமாகப் படியுங்கள். பதினான்கு நாள் எழுதியும் ஒரு கூட்டல் கூட விழவில்லை, முன்பு பிடித்தவையும் இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கிறது என்றால் அது ‘என்ன வேண்டும் என்று தெரியாத’ பிரச்சினை இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம். தைராய்டு, ரத்தசோகையாகவும் இருக்கலாம். என் மாதிரி வழிகாட்டிகளிடம் வராதீர்கள், டாக்டரிடம் போங்கள். 14416 அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். இந்த நிலையில் படிப்பையோ வேலையையோ கல்யாணத்தையோ முடிவு செய்யவே கூடாது.

பெற்றோருக்கு இரண்டு. “193 கட்-ஆஃப் வந்திருக்கு, வீணாக்கக் கூடாது” என்கிறீர்கள். கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் 50, 50 என்று கூட்டி வரும் எண் அது. தேதி முடிவதற்குள் செலவழித்தாக வேண்டிய கூப்பன் இல்லை. இரண்டாவது, கெஞ்சியே கேட்கிறேன்: பிள்ளை எழுதும் அந்த நோட்டை அவன் காட்டாமல் திறக்காதீர்கள். நீங்கள் ஒருமுறை திறந்துவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து அதில் ‘காலை 6 மணி, இயற்பியல் படித்தேன், தெம்பு’ என்று மட்டும்தான் இருக்கும்.