ஆரி: செருப்புத் தொழிலிலிருந்து ரவிக்கைக்கு வந்த ஊசி

கல்யாண ரவிக்கை என்றாலே இப்போது ‘ஆரி ஒர்க்’தான். அந்த ‘ஆரி’ பூவேலையின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு கருவியின் பெயர். அதுவும் தோல் தைக்கிறவர்களின் கருவி.

சமஸ்கிருதத்தில் ‘ஆரா’ என்றால் தோலைத் துளைக்கும் ஊசி. சமஸ்கிருத நிகண்டான அமரகோசம் இதற்கு ‘சர்மப்ரபேதிகா’, அதாவது தோலைத் துளைப்பது, என்றே பொருள் சொல்கிறது. அந்தச் சொல் வட இந்திய மொழிகளில் ஆர், ஆரி என்று வழங்குகிறது. இந்தியில் கைரம்பத்துக்கும் ஆரி என்று பெயர் உண்டு. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குஜராத்தின் கட்ச் பகுதியில் செருப்பும் சேணமும் தைத்தவர்கள் மோச்சிகள். தோலில் ஓட்டிய அதே ஊசியை மெலிதாக்கித் துணியிலும் ஓட்டினார்கள். அந்த வேலைக்கு ‘மோச்சி பரத்’ என்று பெயர். பரத் என்றால் குஜராத்தியில் பூத்தையல். அரண்மனைகளுக்குப் போனது, பிறகு கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போனது. பிரான்சில் துணியை வட்டச் சட்டத்தில் மத்தளத்தோல் போல இழுத்துக் கட்டித் தைத்ததால், முரசு என்று பொருள்படும் ‘தம்பூர்’ என்று அதை அழைத்தார்கள்.

சரி, பழைய சாமான்களுக்கு நடுவே மரப்பிடி போட்ட ஒரு முள் கிடைத்தால் அது எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? முனையைப் பாருங்கள். மழமழவென்று கூராக மட்டும் இருந்தால் அது துளை போட மட்டுமே. முனைக்குச் சற்று மேலே பக்கவாட்டில் ஒரு வெட்டு இருந்தால் அது ஆரி. மேலிருந்து குத்தி இறக்கி, அடியில் பிடித்திருக்கும் நூலை அந்த வெட்டில் மாட்டி மேலே இழுப்பார்கள். துணி வேலையில், மேலே வந்த கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுக்க இழுக்கச் சங்கிலித் தையல் விழும். செருப்பில் அப்படி இல்லை. வந்த கண்ணிக்குள் மெழுகு தேய்த்த இன்னொரு நூலைக் கோத்து இறுக்குவார்கள். பருமனை வைத்தும் சொல்லிவிடலாம்: தோலுக்கானது தடித்த முள், துணிக்கானது குண்டூசி போல மெலிந்தது.

பட்டினத்தார் கதையால் நமக்குக் ‘காதற்ற ஊசி’ என்றாலே எதற்கும் உதவாதது. ஆரிக்கும் காது கிடையாது. காது இல்லாததால்தான் ஒவ்வொரு தையலுக்கும் நூல் முழுவதையும் துணிக்குள் இழுத்து வெளியே எடுக்காமல் இத்தனை வேகமாகத் தைக்க முடிகிறது.

தமிழில் இதை என்ன சொல்வது? செருப்பு தைப்பவர் கையில் இருப்பதைக் குத்தூசி என்கிறோம். நல்ல சொல், ஆனால் மூட்டையைக் குத்திப் பார்ப்பதற்குக் கொஞ்சம் அரிசி எடுப்பதும் குத்தூசிதான். ‘கொக்கி ஊசி’ என்றால் குரோஷா ஊசி நினைவுக்கு வரும். அது எதையும் குத்தாது. அதனால் ‘கொக்கிக் குத்தூசி’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. குத்துவதும் உண்டு, கொக்கி போட்டு இழுப்பதும் உண்டு. வேலையைக் ‘கொக்கிக் குத்தூசித் தையல்’ என்றால் வாய்க்கு நீளம்தான்; பேச்சில் ஆரி இருந்துவிட்டுப் போகட்டும்.

நம் பழைய இலக்கியத்திலும் தோல் ஊசி உண்டு. புறநானூற்றின் 82ஆம் பாட்டில் சாத்தந்தையார், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போர் செய்த வேகத்துக்கு எதை உவமை சொல்கிறார் தெரியுமா? கட்டில் பின்னுகிறவன் கையில் இருக்கும் ‘போழ்தூண்டு ஊசி’யை. போழ் என்றால் தோல்வார்; போழ்தல் என்றால் பிளத்தல். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவம், வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் பறக்கிறது அவன் ஊசி. அவனை ‘இழிசினன்’ என்று அழைத்த அதே பாட்டு, அரசனின் வீரத்தை அளக்க அவன் கைவேகத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. இது என்னை ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கைவினைஞர்களைச் சொல்லும்போது ‘துன்ன காரரும் தோலின் துன்னரும்’ என்று அடுத்தடுத்து வைக்கிறது. துன்னுதல் என்றால் தைத்தல். துணி தைத்தவருக்கும் தோல் தைத்தவருக்கும் அன்று ஒரே வினைச்சொல்.