கையும் ஓடாமல் காலும் ஓடாமல்

கட்டுப்பாட்டை இழந்து ஓடிவரும் டிராம் வண்டிக்கு முன்னே தண்டவாளத்தில் ஐந்து தொழிலாளர்கள் நிற்கிறார்கள். கிளைத் தடத்தில் ஒருவர் மட்டும் நிற்கிறார். வண்டியைத் தடம் மாற்றினால் ஐவர் பிழைப்பார்கள், அந்த ஒருவர் இறப்பார். 1967இல் இங்கிலாந்தின் தத்துவவியலாளர் பிலிப்பா ஃபுட் இந்தக் கேள்வியை எழுப்பியபோது முடிவெடுக்க வேண்டியவர் வண்டியின் ஓட்டுநர். பின்னாளில் அமெரிக்கத் தத்துவவியலாளர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன், தடம் மாற்றும் விசையை ஓரமாக நிற்கும் ஒரு சாதாரண மனிதரின் கையில் கொடுத்தார். தாளில் எழுதிக் கேட்டால் பெரும்பாலோர் விசையை இழுப்பேன் என்றே சொல்கிறார்கள். அப்படிச் சொன்னவர் உண்மையிலேயே இழுப்பாரா என்று சோதிப்பதுதான் கடினம், ஏனெனில் எந்த உயிரையும் ஆபத்தில் வைக்காமல், ஆறு உயிர்கள் ஆபத்தில் இருப்பதாக ஒருவரை முழுமையாக நம்பவைக்க வேண்டும்.

மனித மனத்தைச் சோதனைகள் வழியாக ஆராயும் 'மைண்ட் ஃபீல்ட்' என்ற யூடியூப் ஆவணத் தொடர் 2017இல் இதைச் செய்து பார்த்தது. தொடரை நடத்தியவர் மைக்கேல் ஸ்டீவன்ஸ். வேறொரு காரணம் சொல்லி அழைத்து வரப்பட்டவர்கள், ரயில் தடம் மாற்றும் கட்டுப்பாட்டு அறை போல அமைக்கப்பட்ட ஓர் இடத்தில் தனித்தனியே உட்காரவைக்கப்பட்டார்கள். அங்கே பணியாளராக நடித்தவர் திரைகளைக் காட்டி, வண்டி எந்தத் தடத்தில் வருகிறது, எப்படித் தடம் மாற்றுவது என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். வந்தவரையே ஒருமுறை மாற்றிப் பார்க்கவும் வைத்தார். பிறகு தொலைபேசி அழைப்பு என்று சொல்லி வெளியே போய்விட்டார். சற்று நேரத்தில் திரையில் தொழிலாளர்கள் தண்டவாளத்தில் இறங்கினார்கள், ஒரு தடத்தில் ஐவர், மறு தடத்தில் ஒருவர். ரயில் நெருங்கியது. எச்சரிக்கைக் குரல் ஒலித்தது. திரையில் ஓடியவை முன்பே படமெடுக்கப்பட்ட காட்சிகள் என்பது அறையில் இருந்தவருக்குத் தெரியாது.

சோதிக்கப்பட்ட ஏழு பேரில் இருவர் மட்டுமே தடத்தை மாற்றினார்கள். மற்றவர்கள் திரையைப் பார்த்தார்கள், கதவைப் பார்த்தார்கள், மறுபடியும் திரையைப் பார்த்தார்கள். 'கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை' என்று நாம் சொல்வோமே, அந்த நிலையை இவ்வளவு அருகில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த நிலைக்கு உடலில் ஒரு பொறிமுறை உண்டு. அச்சமூட்டும் ஒன்றை மூளையின் அமிக்டலா பகுதி இனங்கண்டதும் நடுமூளைக்குச் செய்தி போகிறது. தசைகள் இறுகுகின்றன, அசைவு நிற்கிறது, படபடக்க வேண்டிய இதயம் சில கணங்களுக்கு மெதுவாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றினாலும், எதிரே இருப்பதைக் கூர்ந்து அளந்து அடுத்த அசைவுக்குத் தயாராகும் நேரம் அது. விலங்குகளிடமும் இதே எதிர்வினை காணப்படுகிறது. தாளில் எழுதப்பட்ட கேள்வியால் இந்த எதிர்வினையைத் தூண்ட முடியாது. விடை எழுதுபவரை நோக்கி எந்த ரயிலும் வருவதில்லை.

ஆனால் உடல் உறைவது மட்டுமே காரணமாக இருந்தால், உண்மையான சூழ்நிலையில் எல்லோரும் எப்போதும் தயங்க வேண்டும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது. ஒரு கூண்டில் ஐந்து எலிகள், இன்னொன்றில் ஒன்று. இருபது விநாடிக்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் ஐந்து எலிகளுக்கும் வலிமிகுந்த மின்னதிர்ச்சி பாயும். அழுத்தினால் ஒற்றை எலிக்குப் பாயும் என்று பங்கேற்றவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் எந்த எலிக்கும் அதிர்ச்சி தரப்படவில்லை. கற்பனைக் கேள்வியாக மட்டும் இதைப் படித்தவர்களில் 66 சதவீதத்தினர் அழுத்துவோம் என்றார்கள். கூண்டின் முன் நின்றவர்களில் 84 சதவீதத்தினர் அழுத்தியே விட்டார்கள்.

எலியும் மனிதரும் ஒன்றல்ல என்பது இந்த வேறுபாட்டில் ஒரு பகுதியை விளக்கும். இன்னொரு பகுதி, பொறுப்பு யாருடையது என்ற கேள்வியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கென்ட் சோதனையில் பொத்தான் பங்கேற்றவருடையது, விநாடிகள் எண்ணப்படுகின்றன, விளைவு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ரயில் அறையிலோ விசையின் உரிமையாளர் வெளியே போயிருக்கிறார். அவர் இதோ திரும்பிவிடுவார், ரயிலில் தானாக நிற்கும் கருவி இருக்கும், தொழிலாளர்கள் கடைசி நேரத்தில் விலகிவிடுவார்கள் என்று நம்பிக்கொள்ள எத்தனையோ வாசல்கள் திறந்திருக்கின்றன. அதோடு, செய்து விளைந்த தீங்கைச் செய்யாமல் விட்டு விளைந்த தீங்கைவிடப் பெரிய குற்றமாக மனம் எடைபோடுகிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் தேவை. ஏழு பேரை வைத்து மனித இனத்தைப் பற்றி எந்த விகிதமும் சொல்ல முடியாது; ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் அங்கே இல்லை. அந்த ரயில் அறைச் சோதனை முகங்களைக் காட்டியது, அந்த அளவில்தான் அதை மதிக்க வேண்டும். ஒருவரை ஏமாற்றி இத்தகைய அச்சத்துக்குள் தள்ளலாமா என்ற கேள்வியும் எளிதில் தீராது. தொடரை எடுத்தவர்கள் பங்கேற்பாளர்களை முன்கூட்டியே உளவியல்ரீதியாகப் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ரயில் மோதும் முன்பே திரையை நிறுத்தி, எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்று காட்டினார்கள். பங்கேற்றவர்களோடு உடனே உட்கார்ந்து பேசவும் செய்தார்கள்.

அப்படிப் பேசவேண்டியதன் அவசியத்தை, இதைவிடப் பழைய ஒரு சோதனை காட்டியிருக்கிறது. ஜான் டார்லி, பிப் லாட்டனே என்ற உளவியலாளர்கள் இருவரும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், அறைகளை இணைக்கும் பேச்சுக் கருவி (இன்டர்காம்) வழியாகக் கேட்ட குரல் வலிப்பில் திணறியபோது, அதைக் கேட்பவர் தாம் ஒருவர்தான் என்று நம்பியவர்களில் 85 சதவீதத்தினர் அந்தக் குரல் அடங்குமுன் உதவி தேடி எழுந்தார்கள். வேறு நால்வரும் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதத்தினரே எழுந்தார்கள். எழாதவர்களின் அறைக்குள் ஆய்வாளர் நுழைந்தபோது பலரது கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன, உள்ளங்கைகள் வியர்த்திருந்தன. அவர்கள் முதலில் கேட்டது, அந்த ஆள் நலமாக இருக்கிறாரா என்பதைத்தான்.