"எப்போ நடப்பார்?"னு மட்டும் கேக்காதீங்க

ஸ்ட்ரோக் வந்தவரோட வீட்டுக்காரங்க எங்ககிட்ட கேக்கறது இது ஒண்ணுதான், வீட்ல எப்படிப் பாத்துக்கறதுன்னு கடைசி நாள் வரைக்கும் யோசிக்கறதில்ல. போன வாரமும் அதேதான். ஸ்ட்ரோக் வந்து அஞ்சு வாரமா எங்க ரீஹேப்ல (மறுவாழ்வு சிகிச்சை வார்டு) இருந்த பெரியவர், வாக்கர் பிடிச்சு காரிடார் முழுக்க நடக்கறார். டிஸ்சார்ஜ் அன்னிக்குத்தான் பையன் வந்து "சார், வீடு மாடில, டாய்லெட் இண்டியன் டைப்பு, நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், பாத்துக்கற முதியோர் ஹோம் ஏதாவது இருந்தா சொல்லுங்க"ன்னு நிக்கறார். பெரியவர் பக்கத்துலயே உக்காந்திருக்கார். அவருக்குப் பேச்சுதான் வரல, நாம பேசறது புரியுது.

நடந்துட்டா வீடு, இல்லன்னா ஹோம்னு எல்லாரும் ஒரு கணக்கு வச்சிருக்காங்க. தப்புங்க அது. அடி எடுத்து வைக்க முடியாதவங்க எத்தனையோ பேர் வீல்சேர்ல வீட்டுக்குப் போய் நல்லா இருக்காங்க, ஏன்னா கட்டில்லேர்ந்து சேருக்கு மாத்தறத வீட்டுக்காரம்மா வார்டுலயே கத்துக்கிட்டாங்க. நல்லா நடக்கறவங்க போக முடியாம நிக்கறாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு யூரின் வந்தா கூட்டிட்டுப் போக ஆள் இல்ல, இல்லன்னா இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே மூளைல பதியாம தட்டுல பாதி சோத்த அப்படியே விட்டுட்டு, நடக்கும்போது கதவுல இடிச்சுக்கிட்டு, தனியா விடவே முடியாது.

அட்மிஷன் அன்னிக்கே நாங்க பார்த்தல் (Barthel) ஸ்கோர் போடுவோம், அதாவது சாப்பிடறது, குளிக்கறது மாதிரி அன்றாட வேலைய எவ்வளவு தானே செஞ்சுக்கறாங்கன்னு 100க்கு மார்க். அதுல நடைக்கு 15 மார்க்தான். யூரின், மோஷன் கன்ட்ரோலுக்கு மட்டுமே 20. அந்த ஸ்கோர், வயசு, புரிஞ்சுக்கற திறன் எல்லாம் சேத்துப் பாத்தா யார் எங்க போவாங்கன்னு ஓரளவு சொல்லிடலாம். ஆனா வீட்ல யார் இருக்காங்கங்கறது அந்தத் தாள்ல இல்ல, பல தடவை அதுதான் முடிவு பண்ணுது. அந்த "யார்" அநேகமா மருமகதான், அவங்ககிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கறதில்ல!

தயவுசெஞ்சு முதல் வாரமே வீட்ட போட்டோ எடுத்துட்டு வாங்க. டாய்லெட் கதவ அளங்க, படி எத்தனை, கைப்பிடி எந்தப் பக்கம்னு பாருங்க. கமோட் சேர் வாங்கிடுங்க. பாத்துக்கப் போறவங்க ரெண்டு ராத்திரியாவது வார்டுல தங்கிப் பழகணும், விசிட்டிங் அவர்ல ஆப்பிளோட வந்துட்டுப் போனா பத்தாது. தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021லேர்ந்து வீட்டுக்கே வந்து பிசியோ குடுக்கறாங்க, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

அப்புறம், நோயாளிகிட்டயும் கேளுங்க. அந்தப் பெரியவர் முன்னாடி நான் ரெண்டு போட்டோ வச்சேன், ஒண்ணு வீடு, ஒண்ணு ஹோம். கைய வீட்டுப் போட்டோ மேல வச்சவர் எடுக்கவே இல்ல. பையன் இப்போ கீழ் போர்ஷன் தேடிட்டு இருக்கார்.