குடல்வால் வலி ஈரலுக்குப் போன வழி

நெல்லிக்குப்பத்தில் கரும்பு வைத்திருக்கும் என் மாமாவுக்கு ஒருமுறை பத்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை. சாயங்காலமானால் பல் கிட்டிப்போகும் அளவுக்குக் குளிர் தூக்கிப் போடும். இரண்டு போர்வை போர்த்தினாலும் கட்டில் ஆடும். ஒரு மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி இறங்கிவிடும். டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் வந்தது. டைபாய்டாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள். வலது தோள்பட்டை வேறு வலித்தது. கரும்புக் கட்டு தூக்கியதில் சுளுக்கு விழுந்திருக்கும் என்று, எண்ணெய் போட்டு உருவிவிட்டு வந்தார்.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு டாக்டர்தான் கேட்டார்: "காய்ச்சலுக்கு முன்னாடி வயிறு வலிச்சுதாய்யா?"

"வலிச்சுது சார். முதல்ல தொப்புளைச் சுத்தி, அப்புறம் வலது பக்கம் கீழே. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டேன், நாலு நாள்ல அடங்கிடுச்சு. அது போயி மூணு வாரம் ஆகுதே."

அது குடல்வால் வலி. அடங்கியது உண்மை. ஆனால் அதற்குள் நோய் ஈரலுக்குப் போய்விட்டிருந்தது.

கடலூரை வடிகால் மாவட்டம் என்பார்கள். மழை எங்கோ பெய்யும், வெள்ளம் இங்கே வரும். சாத்தனூர் அணையைத் திறந்தார்கள் என்றால் பெண்ணையாற்றுக் கரையில் இருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். நம் வயிற்றுக்குள் அப்படி ஒரு வடிகால் மாவட்டம் கல்லீரல். கை, கால், தலை எங்கும் ஓடிய ரத்தம் நேராக இதயத்துக்குத் திரும்புகிறது. வயிற்றுக்குள் மட்டும் ஏற்பாடு வேறு. இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றின் ரத்தமெல்லாம் போர்ட்டல் சிரை என்ற ஒரே பெரிய நாளத்தில் சேர்ந்து, முதலில் கல்லீரலுக்குப் போகிறது. உணவிலிருந்து உறிஞ்சிய சத்தைக் கல்லீரல் வாங்கி வைக்க வேண்டும், கூடவே வந்த நஞ்சை முறிக்க வேண்டும். அதற்குத்தான் இந்தச் சுற்றுவழி. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்கு வருகிறது. அதில் முக்கால் பங்கு இந்த ஆற்றில்தான் வருகிறது.

குடலிலிருந்து ஒன்றிரண்டு கிருமிகள் ரத்தத்தில் கலப்பது சாதாரணம். கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர்களில் குப்ஃபர் செல்கள் என்ற காவலர்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். வருவதைப் பிடித்து விழுங்கிவிடுவார்கள். ஆக, கிருமி வருவது பெரிய விஷயமில்லை. அது கூட்டமாக, விடாமல், ஒரு கோட்டைக்குள் இருந்துகொண்டு வந்தால்தான் ஆபத்து.

அந்தக் கோட்டை, உடம்பே கட்டிக்கொடுப்பது. எனக்கு இந்த நோயில் மிகவும் நெஞ்சில் தைத்த இடம் இதுதான். குடல்வால் சீழ் பிடிக்கும்போது அதை ஒட்டிய சின்னச் சிரைகளின் சுவரும் வீங்குகிறது. உடம்பு கிருமியை அங்கேயே மடக்கப் பார்க்கிறது, ரத்தத்தை உறைய வைக்கிறது. ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே மணல்மூட்டை அடுக்குகிற மாதிரி. மூட்டைக்குள் மாட்டிய கிருமி செத்தால் சரி. சாகாவிட்டால், ரத்த ஓட்டம் எட்டாத அந்த உறைகட்டிக்குள் வெள்ளையணுவும் போகாது, மருந்தும் சரியாகப் போகாது. ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீராய்ட்ஸ் போன்ற குடல் கிருமிகளுக்கு அது வசதியான வீடு.

போர்ட்டல் சிரையில் ஓட்டம் மெதுவானது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும்போது 120 என்று வருகிறதே, அந்த அளவுகோலில் இங்கே அழுத்தம் 5 முதல் 10 வரைதான். வால்வுகளும் கிடையாது. அதனால் உறைகட்டி சின்னக் கிளையில் தொடங்கி மேல்நோக்கி வளர்ந்து பெரிய சிரைக்கே வந்துவிட முடியும். சீழ் பிடித்த அந்தக் கட்டிக்கு பைலிஃப்ளெபைட்டிஸ் என்று பெயர். கிரேக்கத்தில் 'வாயில் சிரையின் அழற்சி' என்று பொருள். மருத்துவ நூல்களில் 1846-இலேயே பதிவாகியிருக்கிறது. கட்டியிலிருந்து துணுக்குகள் பிய்ந்து ஓட்டத்தோடு போய்க் கல்லீரலில் விழுகின்றன. விழுந்த இடமெல்லாம் ஒரு சீழ்ப்பொட்டு. பக்கத்துப் பொட்டுகள் சேர்ந்தால் சீழ்க்கட்டி. கல்லீரலின் வலது பாகம் பெரியது, குடலின் ரத்தமும் அதிகம் அந்தப் பக்கமே போகிறது. கட்டிகளும் பெரும்பாலும் அங்கேதான். துணுக்குகள் தவணை தவணையாக ரத்தத்தில் கலப்பதால்தான் காய்ச்சல் குளிரோடு ஏறி இறங்குகிறது. தோள்பட்டை வலிக்கும் காரணம் உண்டு. கல்லீரலுக்கு மேலே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவது. கீழே உரசினால் மூளை அதைத் தோள் வலி என்று எடுத்துக்கொள்கிறது.

மாமாவுக்கு ஸ்கேன் எடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். சாம்பல் நிறக் கல்லீரலுக்கு நடுவே எலுமிச்சை அளவில் ஒரு கறுப்புத் திட்டு, சுற்றிலும் சின்னதாக நாலைந்து. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைப் போட்டதும் போர்ட்டல் சிரையில் நிறம் பாதி அகலத்துக்குத்தான் வந்தது. மீதியை ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. அவருக்குச் சர்க்கரை வேறு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தக் கட்டிகள் எளிதில் வரும்.

நம் பக்கத்தில் கல்லீரல் கட்டி என்றதும் டாக்டர்கள் அமீபாவையும் நினைப்பார்கள். அதுவும் இதே ஆற்றில்தான் வருகிறது. மலம் கலந்த தண்ணீரிலிருந்து குடலுக்கு, அங்கிருந்து போர்ட்டல் சிரைக்கு. குடிப்பழக்கம் உள்ள நடுத்தர வயது ஆண்களிடம் அதிகம். கட்டியில் ஊசி குத்தி இழுத்தால் வருவது செம்பழுப்பாக, குழம்பு மாதிரி இருக்கும். அது சீழ்கூட அல்ல, கரைந்த கல்லீரல். பெரும்பாலும் மெட்ரோனிடசோல் மருந்துக்கே அடங்கிவிடும், எல்லோருக்கும் குழாய் போட வேண்டியதில்லை. பாக்டீரியாக் கட்டி அப்படிச் சுலபமாக விடாது.

ஆன்டிபயாடிக் பரவுவதற்கு முன் இது எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது! 1938-இல் அமெரிக்காவில் ஆல்டன் ஆக்ஸ்னரும் மைக்கேல் டெபேக்கியும் கல்லீரல் சீழ்க்கட்டி நோயாளிகளை ஆராய்ந்தபோது, குடல்வால் அழற்சி முக்கியக் காரணமாக இருந்தது. குடல்வாலைச் சீக்கிரமே வெட்டியெடுக்கும் பழக்கம் வந்தபின் அந்த இடத்தைப் பித்தநாளக் கோளாறுகள் பிடித்துக்கொண்டன.

மாமாவுக்கு முதலில் ரத்தம் எடுத்துக் கிருமி வளர்க்க அனுப்பினார்கள், பிறகே மருந்து தொடங்கியது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே விலாவுக்கிடையில் மெல்லிய குழாய் செருகிப் பெரிய கட்டியை வடித்தார்கள். சின்னக் கட்டிகள் மருந்துக்கு விடப்பட்டன. ஊசியும் மாத்திரையுமாக மொத்தம் ஆறு வாரம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எல்லோருக்கும் தர வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. குடலின் சிரை வரை உறைகட்டி பரவினால் குடலே அழுகிவிடும் என்பதால் அவருக்குக் கொடுத்தார்கள்.

காய்ச்சல் ஐந்தாம் நாள் நின்றது. அதற்குப் பல வாரம் கழித்துக் குடல்வாலை எடுத்தார்கள். கடைசி ஸ்கேனில் கல்லீரல் சுத்தமாக இருந்தது. சிரை முழுக்கத் திறக்கவில்லை. ஆனால் அடைப்பைச் சுற்றி மெல்லிய புதுச் சிரைகள் கிளைத்து ரத்தத்தைக் கொண்டுபோயின. இந்தச் சந்துகளில் அழுத்தம் கூடினால் உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து ரத்தம் கசியலாம் என்பதால், வருஷத்துக்கு ஒருமுறை மாமா கடலூர் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறார்.