பாபின் எடுக்கக் குனிந்தவர்

"பாபின் ஒன்னு கீழ விழுந்துச்சுங்க. எடுக்கலாம்னு குனிஞ்சேன். அவ்ளோதான், நிமிர முடியல."

20 வருஷமாகத் திருப்பூரில் இயன்முறை சிகிச்சை பார்க்கிறேன். இந்தப் பேச்சை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பாபின் என்பது தையல் மெஷினில் மாட்டும் சின்ன நூல் உருளை. அதற்குப் பதில் சிலருக்குப் பால் பாக்கெட், சிலருக்குக் குழந்தையின் செருப்பு. கனமான எதையும் தூக்கியிருக்க மாட்டார்கள். அதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. "சிலிண்டரையே ஒத்தக் கையில உருட்டிட்டுப் போவேனுங்க, ஒரு பாபினுக்குப் போயி இப்படி ஆயிருச்சே!"

பாபின் எடுக்கக் குனிந்த இவர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், அதாவது மோட்டார் மெஷினில் தைப்பவர். வயது 38. சீசன் சமயத்தில் தினமும் ஒன்றரை ஷிப்ட். வலி வந்து 11-ம் நாள்தான் என்னிடம் வந்தார். கையில் ஸ்கேன் கவர், இடுப்பில் பெல்ட், தாங்கிப் பிடிக்க மனைவி. அந்த 11 நாளும் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தே கிடந்திருக்கிறார். சாப்பாடுகூடப் படுத்தபடிதான். "ஜவ்வு வெலகிருச்சு, அசைஞ்சா கால் விளங்காமப் போயிரும்னாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. இதைச் சொல்வதற்கு ஊரில் ஆள் பஞ்சமே இல்லை.

அந்த 'விலகல்' என்ற வார்த்தைதான் பாதி வியாதி. இடுப்புப் பகுதியில் முதுகெலும்பு 5. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் தட்டைத்தான் ஜவ்வு என்கிறோம். சுற்றிலும் நார் அடுக்குகள், உள்ளே கூழ். மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிணைந்தது. தட்டில் வைத்த இட்லி மாதிரி நழுவி ஓடாது. ஓரம் பிதுங்கலாம், நார் கிழிந்து கூழ் வெளியே வரலாம். அப்படி வந்த கூழையும் பலருக்கு உடம்பே மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது.

முதுகு வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் 84 சதவீதம். இவர்கள் எல்லோரும் வலி என்று சொல்லாதவர்கள்! நரை மாதிரிதான் இதுவும். டெய்லரின் ஸ்கேன் அறிக்கையில் 'எல்-4, எல்-5 பிதுக்கம்' என்று இருந்தது, அதாவது இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வில் பிதுக்கம். போன வருஷம் எடுத்திருந்தாலும் அது இருந்திருக்கக்கூடும் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. 6,000 ரூபாய் கொடுத்து எடுத்த படமாயிற்றே.

படுக்கை விஷயத்தில் மற்றவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு முழுசாகக் கிடையாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கட்டிங் மாஸ்டரை மூன்று வாரம் படுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். எழுந்தபோது வலியும் குறையவில்லை, தொடைச் சதையும் வற்றியிருந்தது. இத்தனைக்கும் 1986-லேயே அமெரிக்காவில் பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு குழுவுக்கு 2 நாள் படுக்கை, இன்னொரு குழுவுக்கு 7 நாள். 2 நாள் குழு வேலைக்கு லீவு போட்டது 45 சதவீதம் குறைவு. குணமானதில் குறை ஒன்றுமில்லை. 1995-ல் ஹெல்சின்கி மாநகராட்சி ஊழியர்களை மூன்றாகப் பிரித்தார்கள்: படுக்கை, உடற்பயிற்சி, முடிந்தவரை அன்றாட வேலை. மூன்றாவது கூட்டம்தான் முதலில் தேறியது. படுத்தவர்கள் கடைசி.

வீட்டு வைத்தியத்துக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இடுப்பு வலியில் பத்தில் ஒன்பது பெரிய நோய் எதுவும் பின்னால் இல்லாத வலிதான். அந்தப் பத்தாவது ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு ஒத்தடம் கொடுக்கக் கூடாது. சிறுநீர் வர மறுத்தாலோ, தெரியாமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்து பாதம் தொங்கினாலோ அன்றைக்கே, அந்த மணிநேரமே பெரிய ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம். நேரம் போகப் போக, போனது திரும்பாது. விழுந்து அடிபட்டு வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி, வயதான அம்மாக்களுக்கு லேசாக இருமியதும் 'சுளீர்' என்று வந்த வலி, இவற்றையும் டாக்டர் பார்க்க வேண்டும். விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு அலை அலையாக இறங்கினால் அது சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். வாலிப வயதில், விடிகாலையில் இறுகிப்போய், நடக்க நடக்கத் தேவலை ஆகிற வலி மாதக்கணக்கில் இருந்தால் முடக்குவாத மருத்துவரிடம் போங்கள்.

மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவற்றோடு வருகிற வலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. நிட்டிங்கில், அதாவது பனியன் துணி பின்னும் இடத்தில், வேலை பார்த்த ஒரு பையன் நான்கு மாதம் எண்ணெய் நீவிக்கொண்டே இருந்துவிட்டு வந்தான். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை என்று பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தான். அந்த ஓட்டைகளைப் பார்த்துத்தான் எனக்குப் பொறி தட்டியது. அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், காசநோய்தான். மருந்து அங்கே இலவசம். இப்போது நன்றாக இருக்கிறான்.

இவை எதுவும் இல்லை என்றால் பயப்பட வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் வலி கொல்லும். அப்போது செய்ய வேண்டியது, வலி அடங்கும் ஒரு இருப்பைத் தேடிப் பிடிப்பது. மல்லாந்து படுத்து, கெண்டைக்காலை நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். அல்லது ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை. கால் மணி நேரம், இருபது நிமிஷம். பிறகு எழுந்து, முடிந்தால் வாசல் வரை நடந்துவிட்டு வந்து மறுபடி படுங்கள். பாயிலிருந்து எழும்போது மல்லாந்த வாக்கிலேயே நிமிரக் கூடாது. முழங்காலை மடக்கி, உடம்பை மொத்தமாக ஒரு பக்கம் திருப்பி, கையூன்றி, மண்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும். டெய்லரின் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "எட்டு மாசத்துல நான் எந்திரிச்ச மாதிரியே இருக்குதுங்க" என்றார். ரொம்பச் சரி.

ஒத்தடம் கொடுக்கலாம். நொச்சி இலையை வதக்கினாலும், தவிட்டை வறுத்தாலும், கல்லுப்பைத் துணியில் முடிந்தாலும், வெந்நீர்ப் பையை வைத்தாலும் வேலை செய்வது சூடுதான். இறுகிய சதை தளரும். 15, 20 நிமிஷம் போதும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு தெரியாமல் கொப்புளம் வந்து புண்ணாகி என்னிடம் வந்தவர்கள் உண்டு. வேறொருவர் முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். தைலம் தடவுவதில் தவறில்லை, மென்மையாக இருந்தால். இரட்டைப் பிள்ளை பெற்றவர் நீவினால் பிடிப்பு விடும், பிறக்கும்போது கால் முதலில் வந்தவர் மிதித்தால் சுளுக்குப் போகும் என்பார்கள். காலால் தொட்டு நீவுவதோடு நின்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மேலே ஏறி மிதிக்க விடாதீர்கள். எலும்பு மெலிந்துபோன பாட்டிக்கு அது முறிவில் முடியும்.

மெடிக்கலில் 'செட் மாத்திரை' வாங்கிப் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் அந்தக் காகிதப் பொட்டலத்துக்குள் சும்மா சேர்ந்து வரும். பாராசிட்டமால் பாதுகாப்பானது என்று விழுங்குபவர்களுக்கு ஒரு செய்தி: திடீர் இடுப்பு வலியில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட ஒரு நாள்கூட முன்னதாகக் குணமாக்கவில்லை என்று ஆஸ்திரேலியாவில் 1,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2014-ல் கண்டார்கள்.

எங்கள் தொழிலில் எனக்குப் பிடித்த கதை ஒன்று. 1956-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற இயன்முறை சிகிச்சையாளரிடம் ஒருவர் இடுப்பிலிருந்து முழங்கால் வரை இறங்கும் வலியோடு மூன்று வாரமாக வந்துகொண்டிருந்தார். பலனில்லை. ஒரு நாள், உள்ளே போய்க் குப்புறப் படுங்கள் என்றார் மெக்கன்சி. முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப் பக்கத்தைத் தூக்கி வைத்திருந்ததை மறந்துவிட்டார். அந்த மனிதரும் அப்படியே, இடுப்பு பின்னால் வளைய, குப்புறப் படுத்துக் கிடந்தார். வந்து பார்த்த மெக்கன்சிக்குப் பதற்றம். அன்றைய பாடப்படி அது செய்யவே கூடாத வளைவு. நோயாளியோ, காலில் வலி போய்விட்டது என்றார். அந்த மறதியிலிருந்து ஒரு சிகிச்சை முறையே பிறந்தது.

இதிலிருந்து வீட்டில் செய்துபார்க்கக் கூடியது இதுதான். ஒவ்வொரு முதுகுக்கும் பிடித்த திசை ஒன்று உண்டு. குனிந்தால், உட்கார்ந்தால் வலி கூடுகிறவர்கள் குப்புறப் படுத்துப் பாருங்கள். இரண்டு நிமிஷம் சும்மா. பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி இரண்டு நிமிஷம். காலில் இருந்த வலி தொடைக்கு ஏறி, தொடையிலிருந்து இடுப்புக்கு வந்து சேர்ந்தால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, நல்ல சகுனம். அதையே இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யலாம். வலி பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்துங்கள்; அது உங்கள் திசை இல்லை.

வயதானவர்களுக்குக் கதை நேர் எதிர். "சைக்கிள்ல அவிநாசி வரைக்கும் போயிருவேன், நடந்தா தெருமுனை தாண்ட முடியலிங்க, காலு கடுத்துப்போகுது" என்பார் ஒரு பெரியவர். நரம்பு போகும் பாதை சுருங்கியவர்களுக்கு நிமிர்ந்தால் நெருக்கும், முன்னால் சாய்ந்தால் இடம் கிடைக்கும். இவர்கள் மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுப் பக்கம் கட்டிக்கொள்வது நல்லது. 'முதுகு வலிக்கு இந்த ஒரே பயிற்சி' என்று செல்போனில் வரும் வீடியோக்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு, முக்கியமாகக் கோலம் போடுகிறவர்களுக்கு. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது ஜவ்வு தண்ணீர் உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் எல்லோருமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரம்; மாலைக்குள் அது இறங்கிவிடும். உப்பிய ஜவ்வு குனிவதை விரும்பாது. எழுந்த உடனே வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, இடுப்பை வளைத்துப் புள்ளி வைக்கும் அந்த அரை மணி நேரம் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. கொஞ்சம் நடமாடிவிட்டுப் போடுங்கள்; அல்லது குந்தி உட்கார்ந்து போடுங்கள். மார்கழியில் மாமியார் ஒப்புக்கொள்வாரா என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு என்னிடம் பயிற்சி இல்லை.

நிரம்பிய சமையல் சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. தூக்காமல் சாய்த்து உருட்டுங்கள். கிரைண்டர் கல்லையோ குடத்தையோ எடுக்கும்போது உடம்போடு ஒட்டி எடுங்கள், தூக்கியபடி இடுப்பைத் திருகாதீர்கள். படுக்கையைப் பற்றிக் கேட்கிறார்கள். வெறுந்தரைதான் மருந்து என்பது பழைய நம்பிக்கை. 2003-ல் ஸ்பெயினில் 313 பேரை வைத்துப் பார்த்தபோது கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்கள்தான் அதிகம் தேறினார்கள். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி விரித்தால் போதும்.

பெல்ட்டை நாள்பட்ட வலிக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. டெய்லர் அதைக் கழற்ற நான்கு நாள் ஆனது. கழற்றிய அன்று நடக்கச் சொன்னேன். முதலில் 5 நிமிஷம், இரு வேளை. மூன்றாம் வாரம் அரை மணி நேரம். நடை மாதிரி மலிவான மருந்து இல்லை. ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் வெளியானது. நடைப்பயிற்சிக்கு வழிகாட்டப்பட்டவர்களுக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112. வெளியே வரவே முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நின்று வேலை செய்கிறவர்களுக்கும் இதே வலி வரும். ஜவுளிக் கடை உட்பட எல்லாக் கடைகளின் ஊழியர்களுக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. இருக்கை போட்டிருக்கும் கடைகளிலும் அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது பாருங்கள்.

டெய்லர் ஐந்தாம் வாரம் மெஷினுக்குத் திரும்பினார். போன மாதம் மகளுக்குக் காது குத்து என்று பத்திரிகை வைக்க வந்தார். பாபின் இன்னமும் கீழேதான் விழுகிறதாம், குனிந்துதான் எடுக்கிறாராம். தண்ணீர் பாட்டிலை மட்டும் மெஷின் பக்கத்தில் வைப்பதில்லை. நான்கு மெஷின் தள்ளி, அயர்ன் மாஸ்டர் மேஜையில் வைத்திருக்கிறார். தாகம் எடுத்தால் எழுந்து போய்த்தானே ஆக வேண்டும் என்றார்.